வர்க்கியை விட்டுவிட வேண்டுமா? நீலகிரி வீடுகளிலிருந்து அடிக்கடி வரும் உணவுக் கேள்விகள்

குன்னூர், கோத்தகிரி பக்கத்து ஊர்களில் உணவு ஆலோசனை சொல்வது என் வேலை. சர்க்கரை, பிரஷர், கொழுப்பு என்று ரிப்போர்ட் கைக்கு வந்ததுமே ஆட்கள் தேடி வருவார்கள். "என்ன சாப்பிடலாம்?" என்று கேட்பவர்கள் குறைவு. "எதையெல்லாம் விட வேண்டும்?" என்றுதான் பெரும்பாலும் தொடங்குவார்கள். கேட்கும்போதே முகம் வாடியிருக்கும்.

அந்த வாட்டம் தேவையில்லை என்பதுதான் என் கட்சி. ஆசைப்பட்டு, காத்திருந்து, ரசித்துத் தின்னும் பண்டம் உடம்பைக் கெடுப்பது குறைவு. பிடிக்கிறதா இல்லையா என்றுகூட யோசிக்காமல் தினமும் பழக்கத்தில் உள்ளே போகிறதே, அதுதான் அதிகம் கெடுக்கிறது. முதலில் குறைக்க வேண்டியது அதை. கீழே இருப்பவை திரும்பத் திரும்ப என்னிடம் வரும் கேள்விகள். இன்சுலின் போடுபவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மட்டும் எதை மாற்றுவதற்கு முன்பும் தங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சர்க்கரை வந்துவிட்டது. இனி வர்க்கியைத் தொடவே கூடாதா?

தொடலாம். அது என்னவென்று தெரிந்துகொண்டு தொடுங்கள்.

வர்க்கி என்பது மைதாவும் கொழுப்பும். ஈஸ்ட்டுக்குப் பதிலாக மைதா, ரவை, வாழைப்பழம், சர்க்கரை சேர்த்துப் புளிக்க வைத்த 'மாவா' என்ற கலவையைப் போட்டு மாவு பிசைவார்கள். கொழுப்பைத் தடவி, மடித்து, மறுபடி தேய்த்து, மறுபடி மடித்து விறகு அடுப்பில் சுடுவார்கள். விண்டால் ஏடு ஏடாகப் பிரிந்து வருவது அந்த மடிப்பினால்தான். சூடு ஆறுவதற்குள் பேக்கரி வாசலிலேயே நின்று தின்றவர்களுக்கு அந்த வாசனை தெரியும். 2023-இல் ஊட்டி வர்க்கிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நம் ஊருக்குப் பெருமைதான். ஆனால் நார்ச்சத்தோ புரதமோ அதில் சொல்லிக்கொள்ளும்படி கிடையாது. மைதா என்பதால் சர்க்கரையை வேகமாக ஏற்றும்.

கொழுப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பல இடங்களில் வனஸ்பதிதான் போடுகிறார்கள். 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்பு வகைகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இந்தியாவில் சட்டம் இருக்கிறது. அது நல்ல மாற்றம். ஆனாலும் வனஸ்பதியில் இருக்கும் நிறைவுற்ற கொழுப்பு அப்படியேதான் இருக்கிறது. இதய நோய் உள்ளவர்கள் இதைக் கணக்கில் வையுங்கள்.

எப்படித் தின்பது? வாரத்தில் இரண்டு நாள், ஒரு வேளைக்கு ஒன்று. சின்னதாக இருந்தால் இரண்டு. அன்றைக்குச் சுட்டதாகப் பார்த்து வாங்குங்கள். தட்டில் எடுத்து வைத்துவிட்டு டப்பாவை மூடி உள்ளே வைத்துவிட்டு வந்து உட்காருங்கள். கூட வரும் டீயில் சர்க்கரை வேண்டாம். நல்ல பசியோடு உட்கார்ந்தால் ஒன்றோடு நிற்காது. அதனால் முதலில் ஒரு கைப்பிடி சுண்டலோ அவித்த கடலையோ சாப்பிட்டுவிடுங்கள். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால், தின்று இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை குத்திப் பாருங்கள். உங்கள் உடம்பு எவ்வளவு தாங்கும் என்பதற்கு அதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

இனிப்பே தின்பதில்லை. வெறும் டீதான் குடிக்கிறேன். சர்க்கரை ஏன் இறங்கவில்லை?

அந்த டீயைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நம் ஊரில் டீ ஒரு நாளைக்கு ஐந்து முறைக்குக் குறையாது. விடிந்ததும் ஒன்று, காலைச் சாப்பாட்டோடு ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று, நான்கு மணிக்கு ஒன்று, குளிருக்கு ஆறரைக்கு ஒன்று. விருந்தாளி வந்தால் அது தனி. டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்று வைத்தால் பத்து ஸ்பூன். ஒரு ஸ்பூன் 5 கிராம் என்றால் 50 கிராம். உணவில் சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளைக்கு மொத்தச் சக்தியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், முடிந்தால் 5 சதவீதத்துக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2000 கலோரி சாப்பிடுபவருக்கு இது 50 கிராம், 25 கிராம் என்று வரும். நோய் இல்லாதவருக்கே சொல்லப்பட்ட அளவு டீயிலேயே தீர்ந்துவிடுகிறது. தீபாவளிக்குத் தின்ற ஒரு லட்டுக்காக வருத்தப்படுகிறவர்கள் இந்தப் பத்து ஸ்பூனைக் கணக்கிலேயே எடுப்பதில்லை.

ஒரேயடியாக நிறுத்தினால் நான்காவது நாள் பழையபடி ஆகிவிடும். இரண்டு ஸ்பூனை ஒன்றரை ஆக்குங்கள். நாக்கு பழகியதும் ஒன்று, அப்புறம் அரை. மாதக்கணக்கில் ஆனாலும் பரவாயில்லை. இப்படி மெதுவாக இறங்கியவர்களுக்குப் பழைய டீயைக் கொடுத்தால் பாயசம் மாதிரி இருக்கிறது என்று வைத்துவிடுகிறார்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த வழி அது. நம் மலையின் நல்ல இலைத் தேயிலை ஏலத்துக்குப் போய், கப்பலேறி வெளியே போய்விடுகிறது. வீட்டு அடுப்பில் கொதிப்பது டஸ்ட் என்கிற பொடித் தேயிலை. டஸ்ட் சீக்கிரம் சாறு இறங்கும், கடுக்கும். அந்தக் கடுப்பை மறைக்கப் பாலும் சர்க்கரையும் தேவைப்படுகின்றன. ஒரு தடவை ஆர்த்தோடக்ஸ், அதாவது பழைய முறையில் இலையைச் சுருட்டிப் பதப்படுத்திய தேயிலை நூறு கிராம் வாங்குங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, இலையைப் போட்டு மூடி, மூன்று நான்கு நிமிடத்தில் வடிகட்டுங்கள். தேயிலையைக் கொதிக்க விடாதீர்கள். பால் சேர்க்காமல் குடித்துப் பாருங்கள். பூ வாசம் வரும். தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்த வீட்டில், நம் தேயிலையின் உண்மையான ருசியை ஒருவரும் குடித்துப் பார்த்ததில்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நாளுக்கு ஒரு டீயையாவது இப்படி மாற்றினால் அந்த இரண்டு ஸ்பூனும் தானாகவே போய்விடும்.

வெல்லம், நாட்டுச்சர்க்கரை, மலைத்தேன் போட்டால் பரவாயில்லையா?

இரத்தத்தில் சர்க்கரை ஏறும் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. தேன் பிடிக்கும் என்றால் அதன் ருசிக்காக எப்போதாவது ஒரு சொட்டு எடுத்துக்கொள்ளுங்கள், மருந்து என்று நினைத்து ஊற்றாதீர்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் நாக்கில் தடவக்கூட வேண்டாம். அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் நஞ்சு பச்சிளங்குழந்தைக்கு ஆபத்தானது.

சாப்பிட்டவுடன் டீ குடிக்காவிட்டால் சாப்பிட்ட மாதிரியே இல்லை. அதையும் தடுப்பீர்களா?

தள்ளி வையுங்கள் என்று சொல்வேன். தேயிலையில் உள்ள டானின், கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் பிடித்துக்கொள்கிறது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலிலும் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் டீ, காபி வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். தோட்ட வேலைக்குப் போகும் பெண்களில் பலர் "படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, மயக்கமாக வருகிறது" என்று வருகிறார்கள். கண்ணின் கீழ் இமையை விலக்கிப் பார்த்தால் வெளுத்திருக்கும். கீரை சாப்பிடுகிறீர்களா என்றால் சாப்பிடுகிறோம் என்பார்கள். சாப்பிட்ட கையோடு டீ. கீரையின் பலனில் பெரும்பங்கு அங்கேயே போய்விடுகிறது.

டீயை ஒரு மணி நேரம் தள்ளுங்கள். சாப்பாட்டோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொஞ்சம் இருக்கட்டும். அவற்றின் வைட்டமின் சி இரும்பை உள்ளே சேர்க்கும்.

இரத்தசோகை எல்லாமே இரும்புக் குறைவால் வருவதில்லை என்பதையும் நம் மாவட்டத்தில் கட்டாயம் சொல்ல வேண்டும். இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளைந்துபோகும் பரம்பரைக் கோளாறான சிக்கிள் செல் குறைபாடு இந்தியாவில் முதன்முதலில் கண்டறியப்பட்டது 1952-இல், நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். பழங்குடிக் குடும்பங்களில் யாருக்காவது அடிக்கடி சோகை, மூட்டு வலி, மஞ்சள் காமாலை என்று இருந்தால், இரும்பு மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாமல் முதலில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

உருளைக்கிழங்கு இல்லாமல் எங்கள் வீட்டில் அடுப்பே எரியாது. அதை எப்படி விடுவது?

விட வேண்டாம். கூட இருக்கும் சோற்றைக் குறையுங்கள்.

1820-களில் கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் காலத்தில் வெள்ளைக்காரர்களோடு மலை ஏறி வந்த கிழங்கு இது. இன்று நம் மண்ணின் பயிர் மாதிரியே ஆகிவிட்டது. ஊட்டி உருளை என்றால் மேட்டுப்பாளையம் மண்டியில் தனி மரியாதை. அதன் ருசி தெரிந்தவரிடம் போய் வேண்டாம் என்று சொல்ல எனக்கே மனம் வராது. சோறு ஒரு மலை, அதன் மேல் உருளைக் குழம்பு, ஓரத்தில் உருளை வறுவல் என்று தட்டு இருப்பதுதான் சிக்கல். மூன்றும் மாவுச்சத்து. உருளையை அரிசியின் கணக்கில் சேர்த்துவிடுங்கள். அன்றைக்கு உருளை அதிகம் என்றால் சோறு பாதி.

படகர் வீடுகளில் செய்யும் அவரை உதக்க இதற்கு எவ்வளவு நல்ல தீர்வு என்று நான் பல முறை வியந்திருக்கிறேன். அவரையும் உருளையும் சேர்ந்த குழம்பு. காய்ந்த அவரை என்றால் இரவே ஊற வைக்க வேண்டும். ஊட்டி 2240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பயறு வேக நேரம் பிடிக்கும், அதனால் குக்கர் இல்லாமல் ஆகாது. அவரை மலர்ந்து வெந்ததும் பெரிய துண்டாக நறுக்கிய உருளை, வெங்காயம், வீட்டில் வறுத்துத் திரித்த மசாலாப் பொடி. உருளை ஓரங்களில் கரைந்து குழம்பைக் கெட்டியாக்கும். தேங்காயும் எண்ணெயும் அதிகம் தேவைப்படாது. அவரையின் புரதமும் நாரும் கூட இருப்பதால் உருளையின் மாவுச்சத்து மெதுவாக ஏறும். டயட் புத்தகம் படித்து யாரும் இதைக் கண்டுபிடிக்கவில்லை, பாட்டிமார் சமைத்த குழம்பு இது. இரண்டு பங்கு அவரைக்கு ஒரு பங்கு உருளை என்று மாற்றிக்கொண்டால் வாரம் மூன்று நாள் தாராளமாகச் சாப்பிடலாம்.

சிப்ஸும் வறுவலும் வேறு கதை. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்குங்கள்.

பழைய காலம் போல ராகியும் சாமையும் சாப்பிட்டால் சர்க்கரை ஏறாதாமே?

ஏறும். அரிசியைவிடக் கொஞ்சம் மெதுவாக ஏறும், அதுவும் எப்படிச் சமைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து.

தேயிலையும் உருளையும் வருவதற்கு முன் இந்த மலையில் ராகியும் சாமையும்தான் சோறு. ராகியில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்குக் குறையாமல் கால்சியம் இருக்கிறது, அரிசி கிட்டேயே வர முடியாது. ஆனால் நைசாக அரைத்த மாவைக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் மெல்லும் வேலையே இல்லை, சர்க்கரை சட்டென ஏறும். பலர் ராகிக் கஞ்சியில் வெல்லமும் போட்டுக் குடித்துவிட்டு "சிறுதானியம்தானே" என்கிறார்கள். களியாகக் கிண்டி, கீரையோ அவரைக் குழம்போ தொட்டுச் சாப்பிடுங்கள். ஒரு உருண்டை போதும். பிடிக்காதவர்கள் கட்டாயப்படுத்திக்கொள்ள வேண்டாம். மூக்கைப் பிடித்துக்கொண்டு சாப்பிடும் எதுவும் ஒரு மாதம் தாண்டாது.

எஸ்டேட் லைனில், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தோம். காலையில் ரொட்டியும் சம்பலும் இல்லாமல் முடியாது. இப்போது கொழுப்பு அதிகம் என்கிறார்கள்.

1964 சிரிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து நீலகிரித் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களோடு வந்த சாப்பாடு அது. கோதுமை மாவு (இலங்கை வழக்கில் அது மைதா) ரொட்டியைத் தேங்காய்த் துவையல் மாதிரியான சம்பலோடு விடியற்காலையில் தின்றுவிட்டு மலைச்சரிவில் கூடை சுமந்து கொழுந்து பறித்தார்கள். அந்த உழைப்புக்கு நான்கு ரொட்டியும் தகும்.

இப்போது என்ன ஆகிறது என்றால், வேலை நின்ற பிறகும் பசியின் அளவு நிற்பதில்லை. ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் அம்மாவின் தட்டில் அதே நான்கு ரொட்டி. மகன் கோவையில் உட்கார்ந்து பார்க்கும் வேலையில் இருக்கிறான், அவன் தட்டிலும் நான்கு. அந்த உழைப்பு போனதற்கு ரொட்டி என்ன செய்யும்? நான்கை இரண்டாக்குங்கள். மாவில் பாதி மைதா, பாதி முழுக்கோதுமை கலந்தால் ருசி பெரிதாக மாறாது. சம்பலைத் தொட்டுக்கொள்ளும் அளவுக்கு வைத்து, கூட ஒரு முட்டை அல்லது பருப்புக் கறி சேர்த்தால் பதினொரு மணிக்குப் பசி வராது. சம்பலில் கருவாடு, மாசி (உலர்த்திய சூரை மீன்) சேர்ப்பவர்கள் உப்பைத் தனியாகப் போடத் தேவையில்லை.

இன்னும் தோட்டத்தில் பறிப்பவர்களுக்கு இந்தப் பதில் இல்லை. அவர்கள் நன்றாகவே சாப்பிட வேண்டும்.

குளிர் நேரத்தில் பசி அதிகமாக இருக்கிறதே, உடம்புக்கு நிஜமாகவே அதிகம் தேவையா?

கொஞ்சம். ஸ்வெட்டர் போட்டு, வீட்டுக்குள் இருந்தால் அந்தக் கொஞ்சமும் குறைவு. மழையும் பனியும் சேர்ந்த மாலையில் பஜ்ஜி கேட்பது நாக்குதான், அதில் தப்பில்லை, தினமும் கேட்டால்தான் தப்பு. குளிரில் தாகமே தெரியாது என்பதையும் கவனியுங்கள். சிலருக்கு மாலை நேரப் பசியில் தாகமும் கலந்திருக்கலாம். வெந்நீரோ, மிளகு போட்ட ரசமோ, காய்கறி சூப்போ ஒரு டம்ளர் குடித்துவிட்டுப் பார்த்தால் பஜ்ஜி நான்கு என்பது இரண்டில் நிற்கும்.

கேரட், பீட்ரூட் இனிக்கிறதே, சர்க்கரைக்காரர்கள் சாப்பிடலாமா?

தாராளமாக. இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. கேத்தி பாலாடாவில் மெஷினில் கழுவி மூட்டை மூட்டையாகக் கேரட் கீழே போகிறது. விளைவித்த வீட்டில் பொரியல் என்றால் ஒரு கரண்டி. நாளுக்குக் காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அளவு. இங்கிலீஷ் காய்கறி விளையும் ஊரில் இருந்துகொண்டு அதில் பாதிகூட நாம் சாப்பிடுவதில்லை. ஜூஸ் போடாமல் கடித்துத் தின்னுங்கள். மருந்து அடித்திருப்பார்களே என்ற கவலை நியாயமானது. ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள், கேரட்டின் தோலைச் சீவிவிடுங்கள், முட்டைக்கோஸின் வெளி இலைகளை எடுத்துவிடுங்கள்.

பழமும் அப்படித்தான். சீசனுக்குப் பிளம்ஸ், பேரி, பீச், தவிட்டுப்பழம், பர்லியார் மங்குஸ்தான் என்று கிடைப்பதை முழுதாக, ஒரு வேளைக்கு ஒரு பழம் அல்லது ஒரு கைப்பிடி.

பிரஷருக்கு நல்லது என்று இந்துப்புக்கு மாறிவிட்டோம். சரிதானே?

சரியில்லை. இந்துப்பும் உப்புதான், பிரஷரை அதேபோல ஏற்றும். அதற்கு மேல் ஒரு சிக்கல், பெரும்பாலும் அதில் அயோடின் சேர்ப்பதில்லை. மலை மண்ணில் அயோடின் மழையில் அரித்துப் போயிருக்கும் என்பதால் முன்கழுத்துக் கழலை மலைப்பகுதிகளின் பழைய நோய். அயோடின் உப்பையே வாங்குங்கள், அளவைக் குறையுங்கள். ஆளுக்கு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் எல்லாம் அடங்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, பேக்கரிப் பண்டம் எல்லாவற்றின் உப்பும் இதில் சேர்த்தி.

வீட்டுச் சாக்லேட் கடை வைத்திருக்கிறோம். விற்கிறோம், தின்கிறோம். எவ்வளவு தின்னலாம்?

முதலில் எதில் செய்கிறீர்கள் என்று பாருங்கள். கோகோ வெண்ணெய் உள்ள சாக்லேட்டா, அதற்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு சேர்த்த காம்பவுண்டா என்று கட்டியின் உறையிலேயே போட்டிருக்கும். கோகோ அதிகமுள்ள கறுப்புச் சாக்லேட்டில் பாதாமோ முந்திரியோ வைத்தது ஒரு துண்டு, சாப்பாட்டுக்குப் பிறகு. வாயில் வைத்துக் கரைய விடுங்கள், நல்ல சாக்லேட் அப்படித்தான் ருசி கொடுக்கும். கடையில் உட்கார்ந்தபடி உடைந்த துண்டுகளை வாயில் போடுவதை நிறுத்துங்கள். அதில் ருசியும் தெரிவதில்லை, கணக்கும் தெரிவதில்லை.

கல்யாணம், படகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகை என்றால் என்ன செய்வது? வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்கிறார்கள்.

உட்கார்ந்து சாப்பிடுங்கள். பந்தியில் பரிமாறுகிறவரின் கையைத் தட்டிவிட்டு ஆரோக்கியம் பேசுவது எனக்குப் பிடிக்காது. சொந்தக்காரர்கள் கூடிச் சாப்பிடும் நாளில் மனசுக்குக் கிடைப்பதும் உடம்புக்குத் தேவை. பட்டினி கிடந்து போகாதீர்கள், போனதும் அள்ளிப் போட்டுக்கொள்ளத் தோன்றும். மாத்திரை வழக்கம்போல. இனிப்பில் உங்களுக்கு மிகவும் பிடித்ததை முழுதாகச் சாப்பிடுங்கள், மற்றதை முதலிலேயே "போதும்" என்று இலையில் கை காட்டிவிடுங்கள். மறுநாள் பட்டினி, தண்டனை எதுவும் வேண்டாம். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்புங்கள். நம் ஊரில் எந்தப் பக்கம் நடந்தாலும் ஏற்றம்தான், சாப்பிட்ட பின் மெதுவாக ஒரு நடை போனால் சர்க்கரை நன்றாக இறங்கும்.

மாமியாருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. சர்க்கரை இருக்கிறது. இனிப்பு கேட்டு அழுகிறார். கொடுக்க முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் நான் நேரம் எடுத்துத்தான் பதில் சொல்வேன்.

அந்த வயதில் முதல் ஆபத்து பெரும்பாலும் சர்க்கரை அல்ல, சரியாகச் சாப்பிடாமல் எடை குறைவதும், சர்க்கரை திடீரென்று இறங்கி விழுவதும்தான். இடுப்பெலும்பு முறிந்தால் பிறகு எழுப்புவது கஷ்டம். அதனால் தளர்ந்த முதியவர்களுக்கு மருத்துவர்களே மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையின் (HbA1c) இலக்கைத் தளர்த்திக் கொடுக்கிறார்கள். 7 சதவீதத்துக்குக் கீழே என்று பொதுவாகச் சொல்வதை இவர்களுக்கு 8 வரை விடுவது உண்டு. உங்கள் மாமியாருக்கு எவ்வளவு என்று அவருடைய மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். "அம்மா எதுவும் சாப்பிடுவதில்லை, எடை குறைகிறது" என்பதையும் சொல்லுங்கள். மாத்திரையின் அளவையே அவர் குறைக்கக்கூடும்.

அப்புறம், அவர் கேட்கும் இனிப்பில் ஒரு சிறு துண்டை மதியச் சாப்பாடு முடிந்ததும் தட்டில் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து கொடுங்கள். ஒளித்து வைத்தால் ஒளிந்து தின்பார்கள், அப்போதுதான் அளவு தெரியாமல் போகும். பல்லில்லாதவருக்கு வர்க்கியைப் பாலில் ஊறவைத்துக் கொடுத்தாலும் சந்தோஷப்படுவார். அவருக்கென்று தனியாக உப்பில்லாமல், காரமில்லாமல் ஒரு சட்டியில் வேக வைத்து வைப்பதை விட்டுவிடுங்கள். வாழ்நாள் முழுக்க வீட்டுக்கே சமைத்துப் போட்டவர் அவர். எல்லோருக்கும் வைக்கும் குழம்பிலேயே உப்பையும் எண்ணெயையும் கொஞ்சம் குறைத்தால் அது வீட்டில் எல்லோருக்கும் நல்லதுதானே. ஒரே பானையில் சமையுங்கள், தட்டில் அளவை மாற்றுங்கள்.

உங்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு துண்டு இனிப்பு கொடுத்ததால் நீங்கள் மாமியாரைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று ஆகாது.

கோவையிலிருந்து அப்பாவை ஊட்டிக்குக் கூட்டி வருகிறோம். அவருக்குச் சர்க்கரை. வழியில் என்ன வாங்கிக் கொடுக்கலாம்?

நிறைய இருக்கிறது. ரோட்டோரத்தில் கரியில் வாட்டிய சோளம், எலுமிச்சையும் மிளகாய்ப்பொடியும் தடவியது, ஒன்றில் பாதி. தழையோடு கட்டி விற்கும் கேரட், கழுவிவிட்டு அப்படியே கடிக்கலாம். அவித்த வேர்க்கடலை. சீசன் பழம். வர்க்கி ஒன்று, மேலே சொன்ன மாதிரி. சாக்லேட் கடையில் ஓசியில் நீட்டும் துண்டுகளை ஒவ்வொரு கடையிலும் வாங்கினால் தெரியாமலேயே நிறையப் போய்விடும், ஒரு கடையில் மட்டும் பார்த்து வாங்குங்கள்.

இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் என்றால் சாப்பாட்டு நேரத்தைத் தள்ளாதீர்கள். சீசனில் மலைப்பாதையில் வண்டி மணிக்கணக்கில் நின்றுவிடும். பையில் நாலு இட்லி, தண்ணீர் இருக்கட்டும். சட்டைப் பையில் குளுக்கோஸோ சர்க்கரைப் பொட்டலமோ கட்டாயம் வேண்டும். வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினால் உடனே மூன்று ஸ்பூன் கொடுத்துவிட்டுப் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். விழுங்க முடியாத நிலை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். டீக்கடையில் சொல்லும்போதே "சர்க்கரை இல்லாமல், தனியாக" என்று சொல்லிவிடுங்கள், பல கடைகளில் பாலிலேயே சர்க்கரை போட்டுக் காய்ச்சி வைத்திருப்பார்கள்.